கோணி ஊசியால் தைத்த சட்டைப்பை

அந்த மனிதரின் சட்டைப்பைதான் முதலில் என் கண்ணில் பட்டது. அதன் வாய் தைக்கப்பட்டிருந்தது. சாதாரண நூலால் இல்லை. எங்கள் ஊரில் பீங்கான் பொம்மைகளை வைக்கோல் திணித்து மூட்டையாகத் தைப்பார்களே, அந்தக் கோணி ஊசியும் சணலும் கொண்டு தைத்தது. வெளிர்நீலச் சட்டையில் பழுப்புச் சணல் கோணல்மாணலாக ஓடியது. பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. ஒரு பிளேடு கிடைத்திருந்தால் அங்கேயே பிரித்துப் போட்டிருப்பேன். எதைக் கண்டாலும் சரிசெய்யக் கிளம்புகிற புத்தி எனக்கு. அந்த வகுப்பில் நான் போய் நின்றதும் அந்தப் புத்தியால்தான்.

வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் நின்று ஊர்ப்பட்ட விஷயத்துக்கெல்லாம் கருத்துச் சொல்வது என் வழக்கம். குடியை விட்டவர்கள் வாராவாரம் கோயில் ஹாலில் கூடுவார்கள். எந்த மதத்துக்காரரும் வரலாம். ஒருநாள் பங்குச் சாமியாரைப் பிடித்துக்கொண்டு, "குடிய வுட்டா மட்டும் போதுமா ஃபாதர்? காசு பணத்த எப்படி வெச்சிக்கிறதுன்னு சொல்லித்தர வேணாமா?" என்று கேட்டேன். அவர் சிரித்தபடி, "அடுத்த வாரம் நீங்களே வந்து சொல்லித்தாங்க" என்றார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதில்லை.

முதல் வகுப்புக்குச் சாக்பீஸ், டஸ்டர் எல்லாம் வாங்கிக்கொண்டு போனேன். பத்துப் பன்னிரண்டு ஆண்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகையில் நடுவே கோடு கிழித்து ஒரு பக்கம் வரவு, மறுபக்கம் செலவு என்று எழுதினேன். ஒரு குடும்பத்தின் மாதக் கணக்கைச் சொல்லி, எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று கேட்டேன். நான் கூட்டி முடிப்பதற்குள் அவர்கள் விடையைச் சொல்லிவிட்டார்கள். அதுவும் சரியான விடை. முன்வரிசையில் இருந்த ஆட்டோக்காரர், "டீச்சர், குடிகாரனுக்குக் கணக்கு தெரியாதுன்னு யாரு சொன்னா? எவங்கிட்ட எவ்வளவு வாங்கலாம், எவனுக்கு என்னா பொய் சொல்லணும், எல்லாம் வெரல் நுனியில வெச்சிருந்தவங்க நாங்க" என்றார். ஹாலே சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது.

சமாளித்துக்கொண்டு, "சரி, இப்ப உங்க பாக்கெட்டுல யாருகிட்ட எவ்வளவு இருக்குது? எடுங்க பார்ப்போம்" என்றேன். ஒருவரும் அசையவில்லை. ஒருவர் சம்பளத்தை மனைவி வாங்குகிறாள். இன்னொருவரின் ஏடிஎம் கார்டு அம்மாவிடம் இருக்கிறது. ஆட்டோக்காரரின் வசூலை மச்சினன் சாயங்காலம் வந்து எண்ணி எடுத்துக்கொண்டு போகிறான். மொத்த வகுப்பிலும் ஒரு பத்து ரூபாய்த் தாள் இல்லை. பணமே இல்லாதவர்களுக்குப் பணத்தைப் பற்றி நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்தச் சணல் தையலைப் பற்றிக் கேட்டேன்.

"நாந்தான் தெச்சேன் டீச்சர்" என்றார் அவர், மெல்லிய குரலில். "பாக்கெட்டு இருந்தா அதுல எதாச்சும் வந்து வுழுந்துருது. வுழுந்துட்டா காலு தன்னால அந்தப் பக்கம் போயிருது."

"பேண்டு பாக்கெட்டு?"

"அதயும் தெச்சுட்டேங்க."

இந்த முறை அவரும் சேர்ந்து சிரித்தார். நாற்பதை எட்டாத வயது. செராமிக் ஷெட்டில் அச்சுகளில் களிமண் குழம்பு ஊற்றிப் பொம்மை வார்க்கிற வேலை. விரல் இடுக்கெல்லாம் வெள்ளைக் களிமண் காய்ந்து ஒட்டியிருக்கும். குடியை விட்டு ஒரு வருடத்துக்குக் கிட்ட ஆகியிருந்தது. சனிக்கிழமை கூலியை ஷெட் முதலாளி போனிலேயே அவருடைய அண்ணன் கணக்குக்குப் போட்டுவிடுவார். அரிசி பருப்பெல்லாம் அண்ணன் வாங்கிக் கொடுத்துவிடுவார். இவருக்கு ஒரு ரூபாயைத் தொட வேண்டிய வேலையே இல்லை.

வகுப்பு முடிந்ததும் சாமியார் என்னிடம் விஷயத்தைச் சொன்னார். இவருடைய மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு பெண்ணாடத்தில் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே ரவிக்கை தைத்துக் கொடுத்துப் பிழைக்கிறாள். மகள் ஐந்தாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். ஜூனில் எந்த ஊர்ப் பள்ளியில் சேர்ப்பது என்று மனைவி முடிவெடுக்க வேண்டும். பெண்ணாடத்தில் சேர்த்துவிட்டால் அவள் திரும்பி வரப்போவதில்லை. அது இவருக்கும் தெரியும்.

நான் சும்மா இருப்பேனா? சாமியாரிடம் நம்பர் வாங்கி அவளைக் கூப்பிட்டேன். ஒரு வருஷமாகத் தொடவில்லை, தங்கமான மனுஷன் என்று ஆரம்பித்தேன். தையல் மெஷின் சத்தம் நின்றது. நான் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள்.

"அவரு குடிக்கலன்னு எல்லாரும் சொல்றாங்க டீச்சர். காசு அவரு கையில இருந்தும் குடிக்கலன்னு ஒருத்தரும் சொல்லலியே. அத எப்ப சொல்றீங்களோ அப்ப வரேன்" என்றாள்.

போனை வைத்ததும் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. என்ன பெண் இவள் என்று திட்டிக்கொண்டே காபி போட்டேன். காபி குடித்து முடிக்கும்போது அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை என்று தெரிந்துவிட்டது. அதற்கும் சேர்த்து இன்னும் கொஞ்சம் கோபப்பட்டேன்.

அடுத்த வாரம் கரும்பலகையைச் சுவர் ஓரமாகத் திருப்பி வைத்தேன். "இனிமே கணக்கு கெடையாது. காசு கையில இருக்கணும், கடைய தாண்டிப் போவணும், ஒரு சாமான் வாங்கணும், மிச்சத்தோட திரும்பி வரணும். அவ்வளவுதான் பாடம்" என்றேன். அவரவர் வீட்டில் பணத்தைப் பிடித்து வைத்திருப்பவர்களிடம் பேசி, வாரம் நூறு ரூபாய் கொடுக்கச் சொன்னேன். வகுப்பு முடியும் நேரமும் பிராந்திக் கடை திறக்கும் நேரமும் ஒன்றுதான். கடைவீதிக்குப் போக வேண்டுமானால் அதைத் தாண்டித்தான் ஆகவேண்டும். இருவர் இருவராக அனுப்பினேன். ஆட்டோக்காரரோடு நம்மவரைச் சேர்த்துவிட்டேன்.

முதல் தடவை அவர் அந்த நூறு ரூபாயைச் செலவே செய்யாமல் திரும்பக் கொண்டுவந்தார். பாக்கெட் இல்லாததால் உள்ளங்கைக்குள் வைத்து இறுக்கி மூடியிருந்தார். விரித்தபோது தாள் துவைத்துப் பிழிந்ததுபோல ஈரமாக இருந்தது. "வெங்காயக் கடைக்காரரு கேட்டப்ப கை தொறக்கவே இல்ல டீச்சர். தொறந்தா பறந்துரும்போல இருந்துச்சு" என்றார். அந்த ஈரத் தாளை வாங்கி மேசைமேல் விரித்துக் காய வைத்தேன். ஆனாலும், "அடுத்த வாரம் வெங்காயம் வாங்காம வந்தீங்கன்னா உள்ள வுட மாட்டேன்" என்று அதட்டித்தான் அனுப்பினேன். அடுத்த வாரம் ஒரு கிலோ வெங்காயம் வந்தது. அதற்கடுத்த வாரம் வெங்காயமும் மீதிச் சில்லறையும் வந்தன.

மே மாதம் பிறந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. நூறு ரூபாயைப் பார்த்து யார் பெண்ணாடத்திலிருந்து பஸ் ஏறுவார்கள்? நேராகச் செராமிக் ஷெட்டுக்கே போய்விட்டேன். அவர் வரிசையாக வைத்திருந்த அச்சுகளில் களிக்குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தார். தரையெல்லாம் வெயிலில் காய்கிற யானைகளும் கிளிகளும். முதலாளியையும் அண்ணனையும் ஒன்றாக நிறுத்தி, இந்தச் சனிக்கிழமைக் கூலியைத் தாளாக அவர் கையிலேயே கொடுக்க வேண்டும் என்றேன். முதலாளி சரி என்றுவிட்டார். அண்ணன்தான் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க சொல்லிட்டு வூட்டுக்குப் போயிருவீங்க டீச்சர். எங்கயாச்சும் வுழுந்து கெடந்தா நாந்தான தூக்கியாரணும்? எத்தினி தடவ தூக்கியாந்திருக்கேன் தெரியுமா?"

களிமண் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்த தம்பிதான் பேசினார். "ஒரே ஒரு தடவ வுட்டுப் பாரு அண்ணே. ஸ்கூலு தொறக்கப் போவுது." அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு தலையை மட்டும் ஆட்டினார்.

கிளம்பும் முன் தம்பிக்கு ஒரு யோசனை சொல்லிவிட்டு வந்தேன். கூலி வாங்கியதும் முதலில் மளிகைக் கடைக்குப் போங்க, வீட்டுக்கு வேண்டியதை வாங்கிருங்க, சாமானா மாறிட்ட காசு ஆளை இழுக்காது என்றேன். ரொம்பப் புத்திசாலித்தனமாகச் சொல்லிவிட்டதாக எனக்கு நினைப்பு.

சனிக்கிழமை சாயங்காலம் முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போன் வரவில்லை. மறுநாள் காலைப் பூசை முடிந்து வெளியே வந்தால், கோயில் வாசலில் அண்ணன் நின்றிருந்தார். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை.

"வந்து பாருங்க டீச்சர், உங்க ஆள் செஞ்சிருக்குற வேலைய" என்றார். சொல்லிவிட்டு முன்னால் நடக்க ஆரம்பித்தார்.

ரயில் ஜங்ஷனுக்குப் பின்னால் இருந்த தம்பியின் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டேன். நன்றாக இருந்த மனிதனைக் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

கதவு திறந்திருந்தது. அவர் குளித்து, தலைவாரி, தெளிவாக உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி ஒரு மளிகைக் கடையே இருந்தது. அரிசி மூட்டை, எண்ணெய் டின், பருப்பு, புளி, அட்டைப்பெட்டி நிறையத் துணி சோப்பு. உப்புப் பாக்கெட்டுகளைச் சுவர் ஓரம் செங்கல் மாதிரி அடுக்கியிருந்தார். மூலையில் புத்தம்புதுத் துடைப்பங்கள் சாய்ந்து நின்றன.

"மீதி எங்க தம்பி?" என்றேன்.

"மீதியே இல்ல டீச்சர்!" என்றார் பெருமையாக. "கடைய தாண்டுறப்ப கையில ஒத்த ரூவா இல்ல. எல்லாத்தயும் சாமானா மாத்திட்டேன்."

"துடைப்பம் எதுக்கு இத்தனை?"

"கடைசியா கொஞ்சம் காசு மீந்துபோச்சுங்க. கடைக்காரரு சாத்துறேன்னு நிக்கிறாரு. கைக்கெட்டுன தூரத்துல தொடப்பம்தான் இருந்துச்சு."

அண்ணன் வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். வந்த நிம்மதியில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அதை மறைக்கக் கொஞ்சம் கூடுதலாகவே திட்டினேன். அடுத்த வாரம் டீ குடிக்கக் காசு வேண்டாமா, பஸ்ஸுக்கு என்ன உப்புப் பாக்கெட்டையா கொடுப்பீர்கள் என்று கேட்டேன். நான் சொல்லிக்கொடுத்த பாடத்தை அவர் அப்படியே எழுத்துப் பிசகாமல் செய்திருந்தார். தப்பு பாடத்தில்தான் இருந்தது. அவரும் பணத்துக்குப் பயந்தார், நானும் அவர் கையில் பணம் இருப்பதற்குப் பயந்தேன். இருவருமாகச் சேர்ந்து அதை உப்பாக மாற்றிவிட்டோம்.

இந்தக் கூத்தை ஆட்டோக்காரர் ஊரெல்லாம் பரப்பினார். பெண்ணாடத்துக்கும் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் எனக்குப் போன் செய்து, "தம்பி சம்சாரம் வந்திருக்குது. உங்களையும் வரச் சொல்லுது" என்றார்.

நான் போனபோது அவள் வீட்டின் நடுவில் நின்று சோப்புப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒல்லியான பெண். தோளில் துணிப்பை. மகளை அழைத்து வரவில்லை. அவர் கதவோரமாக, தப்புச் செய்த பிள்ளை மாதிரி நின்றிருந்தார். அதே வெளிர்நீலச் சட்டை.

"கடை வெக்கப் போறீங்களா?" என்றாள் அவரிடம்.

அவர் துடைப்பங்களைப் பார்த்தார். அவள் உதட்டில் சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் போய்விட்டது.

"அரிசியா மாத்திட்டா பயம் போயிருமா? இந்தச் சோப்பு பாதி போதும். தொடப்பம் ஒண்ணு போதும். உப்பு நாலு போதும். மிச்சத்த எடுத்துட்டுப் போயி கடையில திருப்பிக் குடுங்க. காசா வாங்கியாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பிராந்திக் கடை வாசலில் திருவிழாக் கூட்டமாக இருக்கும். அண்ணன் உடனே, "நானும் கூடப் போறேன்" என்று செருப்பை மாட்டினார்.

"யாரும் போவ வேணாம்" என்றாள் அவள்.

அவர் சோப்புப் பெட்டியைத் தூக்கப் போனார். "நில்லுங்க" என்று அருகில் போனாள். துணிப்பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்தாள். ரவிக்கைத் தையலைப் பிரிக்கிற கத்தரிக்கோல். அவருடைய சட்டைப்பையின் சணலை ஒவ்வொரு முடிச்சாக வெட்டினாள். "தையலப் பாரு தையல. நெல்லு மூட்டைக்குக்கூட இதவிட நல்லாத் தெப்பாங்க" என்று முணுமுணுத்தாள். அவர் மூச்சுக்கூட விடாமல் நின்றிருந்தார். வெட்டிய சணலைக் கையில் சுருட்டிக்கொண்டு, பைக்குள் இரண்டு விரலை விட்டு விரித்துவிட்டாள். "போயிட்டு வாங்க" என்றாள்.

சைக்கிளின் பின்னால் சோப்புப் பெட்டியையும் உப்பையும் கட்டி, துடைப்பங்களைக் குறுக்கே செருகிக்கொண்டு அவர் போனார்.

போய்விட்டு வர அரைமணி நேரம் போதும். அரைமணி ஆனது. மேலும் ஆனது. அண்ணன் தெருமுனைக்கும் வாசலுக்குமாக நடந்தார். அவள் பருப்பை முறத்தில் கொட்டிக் கல் பொறுக்க உட்கார்ந்தாள். நான் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். அவள் முறத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள். வெயில் தணிந்து, பெண்ணாடம் வழியாகப் போகிற பாசஞ்சர் ரயில் கூவிக்கொண்டு கிளம்பியது. அந்த ரயிலில்தான் அவள் திரும்பிப் போவதாக இருந்தது என்று பிறகு தெரிந்தது. முறத்தில் கல்லே இல்லை. கல்லில்லாத பருப்பைத்தான் அவள் மறுபடி மறுபடி தள்ளிக்கொண்டிருந்தாள். அதைக் கவனித்த பிறகு நானும் வாயை மூடிக்கொண்டேன். எனக்குத் தெரிந்த ஜெபத்தையெல்லாம் மனசுக்குள் சொல்லி முடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

அண்ணனுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "நான் போயிப் பாக்குறேன்" என்று கிளம்பிவிட்டார். அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "வேணாம் மாமா. நீங்க தூக்கியாந்தா அது நீங்க கூட்டியாந்த மாதிரிதான். அவரா வரணும்" என்றாள். குரல் உடைந்தது. அண்ணன் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

விளக்குப் போடும் நேரத்தில் சைக்கிள் சத்தம் கேட்டது. அவர்தான். வியர்த்துக் கொட்டியிருந்தது. சைக்கிளில் ஒரே ஒரு துடைப்பம் மட்டும் இருந்தது.

"கடைக்காரரு சாமான் திருப்பி எடுக்க மாட்டேன்னுட்டாரு" என்றார், மூச்சு வாங்க. "அப்பறம், யாராச்சும் வாங்க வந்தா உன்னுத மொதல்ல வித்துத் தரேன்னாரு. ஒவ்வொண்ணா விக்கிற வரைக்கும் அங்கியே நின்னேன். மிச்சச் சோப்ப அவரே எடுத்துக்கிட்டாரு. இந்தத் தொடப்பம் மட்டும் போவல."

யாரும் கேட்காமலே மூன்று பேர் மூக்கும் காற்றை மோப்பம் பிடித்தன. வியர்வையும் சோப்பு வாசனையும்தான் அடித்தது. அண்ணன் முகத்தை மூடிக்கொண்டார்.

அவர் சட்டைப்பைக்குள் கைவிட்டுப் பணத்தை எடுத்து மனைவியிடம் நீட்டினார். பத்தும் இருபதுமாக ஒரு கற்றை. நாணயங்கள் தனி. வகுப்பில் என்னிடம் மீதி கொடுப்பாரே, அதே மாதிரி இரண்டு கையாலும் நீட்டினார்.

அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"பையிலயே இருக்கட்டும்ங்க. நாளைக்குக் காலையில இங்க ஸ்கூலுல பாப்பாவுக்கு ஃபாரம் வாங்கப் போவணும். அப்ப நீங்களே எடுத்துக் குடுங்க" என்றாள். முறத்தை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள்.

அவர் நீட்டிய கையோடு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"டீச்சர், அதுவரைக்கும் இத நான் என்னா செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம் தம்பி. சும்மா வெச்சிருங்க" என்றேன்.

அத்தனை மாதமாக நான் தேடிக்கொண்டிருந்த பாடம் அதுதான் போலிருக்கிறது. அவர் பணத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு, விற்காத துடைப்பத்தை என்னிடம் கொடுத்தார். ஃபீஸாம். அதைத் தோளில் வைத்துக்கொண்டு ஜங்ஷன் வழியாக நடந்தே வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்துச் சிரித்தவர்களைப் பார்த்து நானும் சிரித்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் நடந்ததை அவள்தான் போனில் சொன்னாள். ஃபாரத்துக்கும் நோட்டுக்கும் அவரே எண்ணிக் கொடுத்தாராம். கவுண்டரில் இருந்தவர் மீதியை அவளிடம் நீட்ட, இவர் நடுவில் கையை நீட்டி வாங்கி, பேச்சை நிறுத்தாமலே தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாராம்.